யூரியா மூட்டை 266 ரூபாய்தான்... ஆனால், அந்த மலிவே மண்ணுக்கு வினையாவது ஏன்?

45 கிலோ யூரியா மூட்டை ஒன்றின் விலை, வரி, வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 266 ரூபாய் 50 காசு. சென்னையில் ஓரளவு பெரிய ஹோட்டலில் ரெண்டு பேர் உட்கார்ந்து மசால் தோசையும் ஃபில்டர் காபியும் சாப்பிட்டால் வருகிற பில்லே இதைத் தாண்டிவிடும்.

இன்னொரு விஷயம். யூரியாவின் அடிப்படை விலை 2012 நவம்பரில் டன்னுக்கு 5,360 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. இன்றுவரை அதேதான். 2018-ல் மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகச் சுருங்கியதே தவிர, கிலோ விலை நகரவில்லை. 2012-ல் பெட்ரோல் என்ன விலை, வீட்டு வாடகை எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அந்த நாளிலிருந்து விலை ஏறாத பொருள் வேறு எதையாவது உங்களால் சொல்ல முடியுமா?

'விவசாயிக்குக் குறைஞ்ச விலையில கிடைச்சா நல்லதுதானே' என்று தோன்றும். பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், பயிருக்குத் தேவையான பல சத்துகளில் ஒன்றை மட்டும் அரசு அடிமாட்டு விலைக்குத் தருகிறது. மற்றவற்றை விவசாயி பல மடங்கு அதிகம் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அவர் எதை அதிகம் வாங்குவார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அப்புறம் நாமே, 'விவசாயிங்க அளவுக்கு மீறி யூரியா கொட்டுறாங்க, மண்ணைக் கெடுக்குறாங்க' என்று அவர்களைக் குறை சொல்கிறோம்.

என் கருத்து இதுதான்: மண் கெட்டுப்போவதற்கு விவசாயியின் அறியாமையைவிட, நாம் எழுதி வைத்திருக்கும் விலைப்பட்டியல்தான் பெரிய காரணம். அதை மாற்றாமல் விழிப்புணர்வு முகாம் எத்தனை நடத்தினாலும் பலன் குறைவுதான். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பயிர் என்னதான் சாப்பிடுது?

ஒரு பயிர் வளர 17 சத்துகள் தேவை. இதில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் கிடைத்துவிடும். மீதி 14-ஐயும் முக்கியமாக மண்தான் கொடுக்க வேண்டும். அதில் பெரிய அளவில் தேவைப்படுபவை மூன்று: தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன், மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ், சாம்பல் சத்து எனப்படும் பொட்டாசியம்.

பெயரிலேயே வேலை இருக்கிறது. தழைச்சத்து இலை, தண்டு வளர்ச்சிக்கு. மணிச்சத்து வேர் பிடிக்கவும் மணி உருவாகவும். சாம்பல் சத்து தண்டுக்கு உறுதி கொடுக்கும். வறட்சியையும் நோயையும் தாங்கும் வலு கொடுக்கும். மணியின் எடையைக் கூட்டும். இவை தவிர கந்தகம், கால்சியம், மெக்னீசியம், பிறகு துளியளவே தேவைப்படும் துத்தநாகம், இரும்பு, போரான் போன்ற நுண்ணூட்டங்கள்.

இதில் ஒரு முக்கியமான விதி உண்டு. எந்தச் சத்து மிகக் குறைவாக இருக்கிறதோ, அதுதான் விளைச்சலின் உச்ச வரம்பைத் தீர்மானிக்கும். 19-ம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பிரபலப்படுத்திய விதி இது. நம் வீட்டு மொழியில் சொன்னால், சாம்பாரில் உப்பு இல்லையென்றால் பருப்பை இரண்டு மடங்காகக் கொட்டினாலும் ருசி வராது. உப்புதான் போடணும்.

1960-களில் உத்தராகண்டின் பந்த்நகர் பகுதியில் நெற்பயிர் துருப்பிடித்ததுபோலப் பழுத்துக் கருகியது. 'கைரா' என்று பெயர் வைத்து, நோய் என்றே நினைத்தார்கள். பயிர் நோயியல் விஞ்ஞானி ஒய்.எல்.நெனே 1966-ல் காரணத்தைச் சொன்னார்: கிருமி எதுவும் இல்லை, மண்ணில் துத்தநாகம் குறைவு. அந்த வயலில் எத்தனை மூட்டை யூரியா போட்டிருந்தாலும் பயிர் தேறியிருக்காது. இன்று தமிழ்நாட்டில் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்ஃபேட் இடச் சொல்வதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

நம்ம ஊர் மண்ணுக்கு என்ன கூடுதல் சிக்கல்?

வெப்பமண்டலத்தில் இருப்பதுதான் சிக்கல். இலை, வேர், சாணம் என மண்ணில் சேரும் எல்லாவற்றையும் நுண்ணுயிர்கள் மட்கச் செய்கின்றன. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இந்த வேலையின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. குளிர் நாடுகளில் பல வருஷம் மண்ணில் தங்கும் மட்கு, நம் வெயிலில் சீக்கிரமே கரியமில வாயுவாகி மேலே போய்விடும். இந்திய மண் பரிசோதனைக் கூடங்களில் அங்ககக் கரிமம் 0.5 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு', 0.75-ஐத் தாண்டினால் 'அதிகம்' என்று எழுதுவார்கள். முக்கால் சதவிகிதமே நமக்கு 'அதிகம்' என்றால், நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் கரிமம் ஏன் முக்கியம்? அதுதான் மண்ணின் பர்ஸ். நாம் போடும் சத்துகளைப் பிடித்து வைத்து, வேர் கேட்கும்போது கொடுப்பது களிமண் துகள்களும் மட்கும்தான். தமிழ்நாட்டில் பரவலாக உள்ள செம்மண்ணில் இருக்கும் களிமண் வகைக்குப் பிடித்து வைக்கும் திறன் குறைவு. கரிசல் மண் பரவாயில்லை. ஆகவே, செம்மண்ணில் மட்கும் குறைந்துவிட்டால் பர்ஸில் ஓட்டை விழுந்த மாதிரி. மேலே கொட்டக் கொட்ட, மழையோடும் பாசனத்தோடும் கீழே போய்க்கொண்டே இருக்கும்.

மணிச்சத்தின் கதை நேர் எதிர். செம்புறை மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துப் பூட்டிவிடும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கால்சியம் பூட்டிவிடும். மண்ணில் இருக்கும், ஆனால் பயிருக்குக் கிடைக்காது. அக்கவுன்ட்டில் பணம் இருக்கு, ஏடிஎம் வேலை செய்யலை என்கிற நிலைமை.

அதாவது, நம் மண்ணுக்கு அளவும் நேரமும் பார்த்து, கலவையாகச் சத்து கொடுப்பது மிக அவசியம். நம் விலைப்பட்டியல் என்ன சொல்கிறது?

ஒரு கிலோ சத்து என்ன விலை?

மூட்டை விலையை விடுங்கள். உள்ளே இருக்கும் சத்தின் விலையைக் கணக்குப் போடுவோம்.

யூரியாவில் 46 சதவிகிதம் தழைச்சத்து. 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ. 266.50 ரூபாயை அதால் வகுத்தால், ஒரு கிலோ தழைச்சத்து ஏறத்தாழ 13 ரூபாய்.

டிஏபி 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். அதில் 9 கிலோ தழைச்சத்து, 23 கிலோ மணிச்சத்து. தழைச்சத்துக்கு அதே 13 ரூபாய் போட்டுக் கழித்தால், ஒரு கிலோ மணிச்சத்து ஏறத்தாழ 54 ரூபாய்.

பொட்டாஷ் 50 கிலோ மூட்டையில் 30 கிலோ சாம்பல் சத்து. மூட்டை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே கிலோ 50 ரூபாய். பெரும்பாலும் அதைவிட அதிகமாகத்தான் விற்கிறது.

13 எங்கே, 50 எங்கே? நான்கு மடங்கு வித்தியாசம்.

இது எப்படி வந்தது? 2010 ஏப்ரல் 1 முதல் 'சத்து அடிப்படையிலான மானியம்' என்ற முறையை மத்திய அரசு கொண்டுவந்தது. ஒவ்வொரு கிலோ சத்துக்கும் இவ்வளவு மானியம் என்று அரசு நிர்ணயிக்கும். விற்பனை விலையை நிறுவனங்கள் முடிவு செய்யும். நோக்கம் நல்லதுதான்: எல்லாச் சத்துகளையும் சமமாக நடத்துவது. ஆனால், அரசியல் காரணங்களால் யூரியாவை மட்டும் இதற்குள் கொண்டுவரவில்லை. அதுவரை டன் 4,455 ரூபாய்க்கு விற்ற பொட்டாஷ், ரூபாய் மதிப்பு சரிந்ததும் சேர்ந்துகொள்ள, இரண்டு மூன்று ஆண்டுகளில் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. டன் 9,350-ஆக இருந்த டிஏபியும் இரண்டு மடங்கைத் தாண்டியது. யூரியா மட்டும் பெரிதாக அசையவில்லை.

விளைவு உடனே தெரிந்தது. தேசிய அளவில் தழை, மணி, சாம்பல் சத்துகள் 4:2:1 என்ற விகிதத்தில் இருப்பது நல்லது என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. 2009-10-ல் நாட்டின் பயன்பாடு 4.3:2:1. கிட்டத்தட்ட சரி. 2012-13-ல் அது 8.2:3.2:1. மூன்றே ஆண்டுகளில் சாம்பல் சத்தோடு ஒப்பிட்ட தழைச்சத்தின் பங்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2022-23-ல் அந்த முதல் எண் 10-ஐயும் தாண்டியது.

அந்த மூன்றே ஆண்டுகளில் நாட்டில் உள்ள விவசாயிகள் எல்லோருக்கும் திடீரென்று அறிவு குறைந்துவிட்டதா என்ன? மாறியது விலை மட்டும்தான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். 4:2:1 என்பது நாடு முழுமைக்குமான ஒரு குத்துமதிப்பு. ஒவ்வொரு வயலுக்கும் பொருந்தும் விதி கிடையாது. தமிழ்நாட்டில் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150:50:50 கிலோ என்ற பொதுப் பரிந்துரையே அந்த விகிதத்தில் இல்லை. ஆகவே, எண்ணை வைத்துச் சண்டை போட வேண்டாம். அது எந்தத் திசையில் ஓடுகிறது, எதனால் ஓடுகிறது என்பதைப் பார்த்தால் போதும்.

அதிகமா யூரியா போட்டா என்ன ஆகும்?

தேங்கிய தண்ணீரில் யூரியாவைத் தூவியதும் மண்ணில் உள்ள நொதி அதை அம்மோனியமாக மாற்றும். அதில் ஒரு பகுதி வெயிலில் அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். இன்னொரு பகுதி நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீருக்கு இறங்கும். மற்றொரு பகுதி நைட்ரஜனாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் காற்றில் கலக்கும். நெல் வயலில் போட்ட தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 30 முதல் 40 சதவிகிதம்தான். மூன்று மூட்டை போட்டால் ஏறத்தாழ ஒரு மூட்டைதான் பயிருக்கு.

வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடு, 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 273 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு. இறங்கும் நைட்ரேட்டுக்குக் குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது இந்தியத் தரக் கட்டுப்பாட்டு வரம்பு. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ம் ஆண்டு அறிக்கையில், இந்த வரம்பைத் தாண்டும் மாதிரிகள் அதிகமுள்ள மாநிலங்களாக ராஜஸ்தான், கர்நாடகாவோடு தமிழ்நாடும் இருக்கிறது. கழிவுநீரும் செப்டிக் டேங்குகளும்கூட இதற்குக் காரணம். ஆனால், உரத்தின் பங்கை ஒதுக்கிவிட முடியாது.

வயலுக்குள்ளேயே என்ன நடக்கிறது? யூரியா போட்ட சில நாளில் பயிர் கரும்பச்சையாக, பார்க்கவே ஜம்முனு ஆகிவிடும். அதுதான் ஏமாற்றுவது. திசு மென்மையாகி, புகையானுக்கும் இலைச் சுருட்டுப் புழுவுக்கும் விருந்து வைத்த மாதிரி ஆகிறது. குலைநோய் எளிதாகப் பிடிக்கும். உயரமாக வளர்ந்து, தண்டில் வலு இல்லாமல், ஐப்பசி, கார்த்திகை மழைக்குச் சாய்ந்துவிடும். உரத்தில் மிச்சம் பிடித்த பணம் பூச்சிக்கொல்லிக்குப் போகும். இந்தச் செலவை எந்த மானியக் கணக்கிலும் எழுதுவதில்லை.

சாம்பல் சத்துக்கு வேறொரு வழியிலும் ஓட்டை விழுகிறது. நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் பொட்டாசியத்தில் ஏறத்தாழ 80 சதவிகிதம் மணியில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. வைக்கோலை மாடு தின்று, சாணம் வயலுக்கே திரும்பிய காலத்தில் கணக்கு ஓரளவு நேர் ஆனது. இன்று அறுவடை மெஷினுக்குப் பின்னாலேயே கட்டு கட்டும் மெஷின் வந்து, வைக்கோலை உருட்டி லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பிவிடுகிறோம். பொட்டாசியமும் அதே லாரியில்தான் போகிறது. திரும்ப வாங்கிப் போட, கிலோ 50 ரூபாய்.

அப்போ ரசாயன உரத்தையே நிறுத்திடலாமா?

இந்தக் கேள்விக்கு நம் பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. 2021 மே மாதம் இலங்கையில் அதிபர் கோத்தபய ராஜபக்சே அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தது. மாற்று ஏற்பாடு இல்லை, படிப்படியான மாற்றம் இல்லை. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. அரிசியில் ஏறத்தாழ தன்னிறைவு பெற்றிருந்த நாடு அரிசியை இறக்குமதி செய்தது. தேயிலையும் அடி வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் சேதம் நடந்துவிட்டது. இலங்கை நெருக்கடிக்கு டாலர் தட்டுப்பாடு, கடன் என வேறு காரணங்களும் உண்டு. ஆனால், மண்ணுக்கு உத்தரவு போட்டு ஒரு பருவத்தில் மாற்றிவிட முடியாது என்பதை அந்த ஆறேழு மாதங்கள் காட்டிவிட்டன.

கணக்கும் அதையே சொல்கிறது. நன்கு மட்கிய தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவிகிதம். ஒரு மூட்டை யூரியாவில் உள்ள 20.7 கிலோ தழைச்சத்துக்கு ஈடாக ஏறத்தாழ நான்கு டன் தொழு உரம் வேண்டும். டிராக்டர் டிரெய்லர் கணக்கில் யோசித்துப் பாருங்கள். ஒரு ஏக்கருக்கு மூன்று மூட்டை என்றால் 12 டன்னுக்கு மேல். அவ்வளவு மாடு எங்கே இருக்கு? தழைச்சத்துக்காக மட்டும் தொழு உரத்தை நம்பினால் கணக்கு இடிக்கும்.

ஆனால், தொழு உரத்தை வெறும் தழைச்சத்தாக மட்டும் பார்ப்பதும் தப்பு. அதன் முக்கியமான வேலை, நான் மேலே சொன்ன அந்த பர்ஸைத் தைப்பது.

கோயம்புத்தூரில் ஒரு 100 வருஷ சாட்சி

காற்றில் உள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்கலாம் என்று ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் செய்து காட்டியது 1909-ல். இன்றைய யூரியாவின் தொடக்கம் அது. அதே 1909-ல் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில், இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில், நிரந்தர உரப் பரிசோதனை ஒன்று தொடங்கியது. ஒரே நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, ஒன்றுக்கு எதுவுமே போடாமல், ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மூன்று சத்தும், ஒன்றுக்குத் தொழு உரம் என ஆண்டுக்கணக்கில் மாறாமல் போட்டுப் பார்க்கும் பரிசோதனை. 1970-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் பல மண் வகைகளில் இதேபோன்ற நீண்ட காலப் பரிசோதனைகளைத் தொடங்கியது.

இப்படிப்பட்ட பரிசோதனைகள் மண்ணுக்கு மண் வேறுபட்டாலும், பொதுவாகச் சொல்லும் சேதி ஒன்றுதான். தழைச்சத்து மட்டும் பெற்ற பாத்திகளில் நாளடைவில் விளைச்சல் தேய்கிறது. மூன்று சத்தும் சமச்சீராகப் பெற்றவை நன்றாக நிற்கின்றன. மூன்று சத்தோடு தொழு உரமும் பெற்றவைதான் விளைச்சலிலும் மண் கரிமத்திலும் முன்னால் நிற்கின்றன.

'ரசாயனமா, இயற்கையா' என்று சமூக ஊடகத்தில் தினமும் நடக்கும் சண்டைக்கு இந்தப் பாத்திகள் எப்போதோ பதில் சொல்லிவிட்டன: இரண்டும் சேர்ந்து, அளவாக.

மண்வள அட்டை இருக்கே, அது போதாதா?

2015 பிப்ரவரி 19-ல் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம் நல்ல யோசனை. கார அமிலத் தன்மை, உப்பு, கரிமம், பேரூட்டங்கள், நுண்ணூட்டங்கள் என 12 அளவுகளைச் சொல்லி, பயிருக்கான பரிந்துரையும் தரும் அட்டை அது.

சிக்கல் இரண்டு இடத்தில். முதலாவது, மாதிரி எடுக்கும் முறை. பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்பது திட்டத்தின் தொடக்கக் கணக்கு. 2.5 ஹெக்டேர் என்றால் ஆறு ஏக்கருக்கு மேல். டெல்டாவில் ஆறு ஏக்கருக்குள் நாலைந்து பேரின் வயல் இருக்கும். பக்கத்து வயல்காரர் பிளட் டெஸ்ட்டை வைத்து உங்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால் சாப்பிடுவீர்களா?

இரண்டாவது, அட்டையும் விலையும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. 'பொட்டாஷ் கூட்டு, யூரியாவைக் குறை' என்று அட்டை சொல்லும். கூட்டுறவுச் சங்கக் கவுன்ட்டரில் இருக்கும் விலை, 'யூரியாவை எடு, பொட்டாஷைத் தள்ளிப் போடு' என்று சொல்லும். கையில் காசு குறைவாக இருக்கும் மனிதர் எதைக் கேட்பார்?

இன்னொரு ஆளையும் மறக்கக் கூடாது: குத்தகை விவசாயி. வாய்மொழிக் குத்தகையில், அடுத்த வருஷம் அதே நிலம் கிடைக்குமா என்று தெரியாமல் சாகுபடி செய்கிறவர். அவர் இன்று போடும் தொழு உரத்தின் முழுப் பலனும் கிடைக்க மூன்று நாலு வருஷம் ஆகும். யூரியாவின் பலன் ஒரு வாரத்தில் தெரியும். அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் எதில் காசு போடுவீர்கள்?

என்னதான் செய்யலாம்?

யூரியாவை நாளைக்கே மூன்று மடங்கு விலைக்கு விற்கச் சொல்லவில்லை. அது இலங்கை செய்த தப்பை வேறு வழியில் செய்வது. படிப்படியாக, ஈடு கொடுத்து மாற்ற வேண்டும் என்கிறேன்.

முதலில், விலை. யூரியாவையும் சத்து அடிப்படை மானியத்துக்குள் கொண்டுவர வேண்டும். மூட்டைக்கு 100 ரூபாய் ஏறும் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு மூன்று மூட்டை போடுகிறவருக்கு 300 ரூபாய் கூடுதல் செலவு. அந்த 300 ரூபாயைப் பருவம் தொடங்கும் முன்பே அவர் வங்கிக் கணக்கில் போட்டுவிடலாம். மூன்று மூட்டையே வாங்கினாலும் அவருக்கு நஷ்டமில்லை. இரண்டோடு நிறுத்திக்கொண்டால் உரச் செலவு குறைவதோடு, கையில் 100 ரூபாய் கூடுதலாக நிற்கும். அதைப் பொட்டாஷுக்கோ தொழு உரத்துக்கோ போடலாம். அரசின் பணம் அதேதான், ஆனால் தேர்வு விவசாயி கையில். 2022-23-ல் உக்ரைன் போரால் விலை எகிறியபோது, நாட்டின் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. இது நம் வரிப்பணம். இவ்வளவு செலவு செய்கிறோம். மண் தேறுகிற மாதிரி செய்யலாமே.

இதற்கு வரும் நியாயமான எதிர்ப்பு: 'பணம் நில உரிமையாளர் கணக்குக்குப் போகும், குத்தகைக்காரருக்குக் கிடைக்காது.' உண்மை. அதனால்தான் பட்டாவைப் பார்க்காமல், சாகுபடி செய்பவர் யார் என்று கிராம நிர்வாக அலுவலர் பதியும் அடங்கலைப் பார்த்துத் தர வேண்டும். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அதை உயிர்ப்பிக்காமல் இந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கினால், கஷ்டம் இருப்பதிலேயே எளியவர் தலையில் விழும். குத்தகைக்காரரை விட்டுவிட்டு விலையை மட்டும் ஏற்றுவதென்றால், நான் ஆதரிக்க மாட்டேன்.

இரண்டாவது, அளவு தெரியும் கருவி. நெல்லுக்கு இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. பச்சை நிறப் பட்டைகள் உள்ள சின்ன பிளாஸ்டிக் அட்டை. இலையை அதன்மேல் வைத்துப் பார்த்து, குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே வெளிறினால் மட்டும் யூரியா போட்டால் போதும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற பெரும்பாலான ரகங்களுக்கு 4. பேட்டரி வேண்டாம், ஆப் வேண்டாம். உர மூட்டையோடு இதையும் ஒன்று கொடுக்க என்ன பெரிய செலவு?

மூன்றாவது, கரிமம். இதற்கு நம் ஊர்களில் வழி தெரியாமல் இல்லை. சம்பாவுக்கு முன்னால் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது, சம்பா அறுவடையை ஒட்டி ஈரத்திலேயே உளுந்து தெளிப்பது, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும் கீதாரிகளின் ஆட்டுக்கிடையை வயலில் போடுவது, கோடையில் ஏரி வண்டலை அள்ளி அடிப்பது. எல்லாமே பழகிய வேலைகள். தமிழ்நாடு அரசின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டம் பசுந்தாள் உர விதை தருவது நல்ல தொடக்கம். ஆனால், விதை சரியான வாரத்தில் வர வேண்டும். உழுது மடக்கத் தண்ணீரும் வேண்டும். யூரியாவுக்கு இருக்கும் அதே சப்ளை ஒழுங்கு பசுந்தாள் விதைக்கும் வந்தால்தான் அது திட்டத் தாளிலிருந்து வயலுக்கு இறங்கும்.

சிட்டியில இருக்கிற நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. வயலிலிருந்து நெல்லாக, காய்கறியாக, பழமாக வெளியேறும் சத்துகள் எல்லாம் கடைசியில் நம் சமையலறைக்குத்தான் வருகின்றன. அங்கிருந்து எங்கே போகின்றன? சென்னை என்றால் பல ஆண்டுகளாகக் கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும். வயலுக்குத் திரும்ப வேண்டிய வாழைப்பழத் தோலும் கீரைத் தண்டும் பிளாஸ்டிக் கவரோடும் உடைந்த கண்ணாடியோடும் சேர்ந்து மலையாகக் குவிந்தன. இப்படிக் கலந்த குப்பையில் செய்த உரத்தை எந்த விவசாயியும் நம்பி வாங்க மாட்டார். காலில் கண்ணாடி குத்தும், மண்ணில் கன உலோகம் சேரும். மக்கும் குப்பையைத் தனியாகப் பிரித்துக் கொடுப்பது என்பது தெரு சுத்தத்துக்காக மட்டும் சொல்லப்படுவது இல்லை. நகரம் கிராமத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் அது.

இன்னொன்று, நம் பேச்சு. உர மானியம் பற்றி விவாதம் வந்தால், 'விவசாயிக்கு எல்லாம் ஃப்ரீயா கொடுத்துக் கெடுக்குறாங்க' என்று ஒரு தரப்பு, 'கெமிக்கலே விஷம்' என்று இன்னொரு தரப்பு. இரண்டுமே விவசாயியைத்தான் கூண்டில் ஏற்றுகின்றன. யூரியா விலையை நிர்ணயித்தது அவர் இல்லை. 2010-ல் யூரியாவை மட்டும் விட்டுவிடலாம் என்று முடிவெடுத்ததும் அவர் இல்லை. கொடுத்த விலைக்கு ஏற்ற மாதிரி, கையில் இருக்கும் காசுக்கு ஏற்ற மாதிரி அவர் நடந்துகொள்கிறார். நாமும் ஆஃபர் பார்த்துத்தானே ஆர்டர் போடுகிறோம்?

அடுத்த முறை 'உர மானியம்' என்ற வார்த்தை பட்ஜெட் செய்தியில் கண்ணில் பட்டால், எத்தனை லட்சம் கோடி என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தப் பணம் எந்தச் சத்துக்குப் போகிறது, யார் கைக்குப் போகிறது என்று ஒரு வரி கூடுதலாகப் படியுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் அதையே கேளுங்கள். யூரியா விலையில் கை வைக்க எந்தக் கட்சிக்கும் தைரியம் வராததற்கு ஒரு காரணம், இதைப் பற்றிப் பொறுமையாகப் பேச ஆள் இல்லாததுதான். விலையைத் திருத்துவது ஒரு பட்ஜெட்டில் முடிகிற வேலை. இழந்த கரிமத்தை நம் வெயிலில் மண்ணுக்குத் திரும்பக் கொண்டுவர, பல ஆண்டுகள் விடாமல் உழைக்க வேண்டியிருக்கும்.